பெண்களே நடத்திய அச்சுப் பட்டறை: எப்படித் தொடங்கினார்கள், எப்படி நடத்தினார்கள்?

முக்கூடல்காரி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். மாதம் ஒரு தடவை கூடுவோம். இலையைக் குறைத்துக் கொடுத்துவிட்டு முழு எண்ணிக்கை கேட்பது, கழிவு என்று சொல்லிக் கட்டுக்கட்டாகத் தள்ளுவது, பி.எஃப். பணம், வீட்டில் அடி உதை, பொம்பளைப் பிள்ளையைப் பத்தாவதோடு நிறுத்துவது என்று நாங்கள் பேசாத விஷயம் இல்லை.

இந்த மார்ச் 8-க்கு ஒரு சுவரொட்டி அடிக்கக் கொடுத்தோம். ‘ஆயிரம் பீடிக்கான இலையை எடை போட்டுக் கொடு’ என்று பெரிய எழுத்தில் வேண்டும் என்று எழுதியே கொடுத்திருந்தோம். வந்த சுவரொட்டியில் அந்த வரி அடியில் பொடி எழுத்தில் கிடந்தது. மேலே ‘தாய்மையைப் போற்றுவோம்’ என்று கொட்டை எழுத்து, பக்கத்தில் ஒரு ரோஜாப்பூ. ஏன் இப்படி என்று கேட்டால், “பெண்கள் தினம்னா எல்லாரும் இப்படித்தானம்மா போடுதாவ” என்றார் கடையில் இருந்தவர். பணத்தையும் கொடுத்துவிட்டோம். ஒட்ட மனசு வரவில்லை, கட்டு அப்படியே இருக்கிறது.

அன்றைக்குப் பேச வந்திருந்த ஒரு அம்மா, லண்டனில் பெண்களே சேர்ந்து ஓர் அச்சுப் பட்டறை நடத்தினார்கள், தங்களுக்கு வேண்டிய சுவரொட்டியைத் தாங்களே வரைந்து தாங்களே அடித்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து எங்களுக்கு இதே பேச்சுதான். குழுக் கட்டடத்தில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. யாருக்கும் அச்சுத் தொழில் தெரியாது.

அந்தப் பெண்கள் யார், எப்படி ஆரம்பித்தார்கள், காசுக்கு என்ன செய்தார்கள், இப்போதும் நடக்கிறதா? நம் நாட்டில் இப்படி ஏதாவது உண்டா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டுவேன்.


பாளை கம்பாஸிட்டர்:

தங்கச்சி, உங்கள் ரோஜாப்பூ விஷயத்தைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை. நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துப் படியுங்கள்.

எண்பதுகளில் பாளையங்கோட்டையில் ஒரு சின்ன அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவள் நான். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகும் பழைய வடிவத்து லை, ணை, றா எழுத்துகள் கேஸின், அதாவது ஈய எழுத்துகளை அறை அறையாகப் போட்டு வைக்கும் தட்டின், ஓரத்தில் தூசி படிந்து கிடந்த காலம் அது. நான் கோத்ததில் பாதி கல்யாணப் பத்திரிகை. மணமகள் பெயர் இருக்கும். அவள் அப்பா பெயர், தாத்தா பெயர், தாய்மாமன் பெயர், அவர்கள் பார்த்த உத்தியோகம் எல்லாம் இருக்கும். பெற்ற அம்மாவின் பெயர் பல பத்திரிகைகளில் இருக்காது. ஒவ்வொரு எழுத்தாக எடுத்து ஸ்டிக் என்கிற கைச்சட்டத்தில் அடுக்கியது என் விரல்தான், ஆனால் எந்தப் பெயரை அடுக்குவது என்பதில் எனக்குப் பேச்சே கிடையாது. காலால் மிதித்து ஓட்டுகிற ட்ரெடில் அச்சு மிஷின் பக்கம் பெண்களை விட மாட்டார்கள். கோப்பது, மடிப்பது, தைப்பது, ஒட்டுவது, இவ்வளவுதான் எங்களுக்கு. கூலியும் அதற்குத் தக்கபடிதான். பிற்பாடு ஈயம் போய் ஆஃப்செட் வந்தது. நான் ஸ்கிரீன் பிரிண்டிங், அதாவது சட்டத்தில் கட்டிய துணித்திரை வழியாக இங்க்கை இறக்கி அடிப்பதை, கற்றுக்கொண்டு வீட்டிலேயே தாம்பூலப் பையும் விசிட்டிங் கார்டும் அடிக்க ஆரம்பித்தேன். இப்போதும் அதுதான் தொழில்.

மதுரையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தபோது ஒரு தோழி அந்த லண்டன் பட்டறையின் சுவரொட்டிகளைத் தொகுத்த படப்புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தாள். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்து போன பிறகும் நான் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொழில்காரி என்பதால் எனக்கு முதலில் கண்ணில் பட்டது, எத்தனை கலர், எந்தக் கலர்மேல் எந்தக் கலர் ஏறியிருக்கிறது என்பதுதான். இரண்டு மூன்று கலரை வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய பேச்சைப் பேசியிருக்கிறார்கள் என்று ஆச்சரியமாக இருந்தது.

பட்டறையின் பெயர் சீ ரெட் விமன்ஸ் வொர்க்‌ஷாப். 1974-ல் தொடங்கி 1990 வரை நடந்தது. ரெட் ராக் என்று ஒரு பெண்ணியப் பத்திரிகை அங்கே வந்துகொண்டிருந்தது. விளம்பரத்திலும் பத்திரிகையிலும் பெண்ணைக் காட்டுகிற விதத்தை எதிர்த்து வேலை செய்ய விருப்பமுள்ள ஓவியப் பெண்கள் வரலாம் என்று அதில் ஓர் அறிவிப்பு. அதன் வழியாகச் சந்தித்த மூன்று பேர் ஆரம்பித்ததுதான் இது. மூவரும் ஓவியக் கல்லூரியில் படித்தவர்கள். கையில் முதல் கிடையாது. யாரும் குடியில்லாமல் கிடந்த ஒரு வீட்டில்தான் முதலில் வேலை செய்தார்கள்.

அவர்கள் தேர்ந்தெடுத்தது ஸ்கிரீன் பிரிண்டிங். அது ஏன் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆஃப்செட் மிஷினுக்கு லட்சக்கணக்கில் பணம் வேண்டும், கரண்ட் வேண்டும், ஓட்ட ஆள் வேண்டும். ஸ்கிரீனுக்கு ஒரு மரச்சட்டம், அதில் இழுத்துக் கட்டிய துணி, ரப்பர் பட்டை வைத்த ஸ்குவீஜி, இங்க், ஒரு மேஜை, காயப் போட ஒரு கொடி போதும். அந்த வருஷங்களில் உலகத்தில் பல ஊர்களில் பெண்கள் இதையே கையில் எடுத்தார்கள். அமெரிக்காவில் சிகாகோ பெண்கள் 1970-லேயே ஒரு கூட்டுப் பட்டறை வைத்துப் பட்டுத்திரையில் சுவரொட்டி அடித்தார்கள்.

சரி, வேலை எப்படி நடந்தது? இதுதான் நீங்கள் கூட்டத்தில் வாசித்துக் காட்ட வேண்டிய இடம். ஒருத்தி தன் வாழ்க்கையில் பட்ட ஒரு விஷயத்தைச் சொல்வாள். மற்றவர்கள் தங்களுக்கு நடந்ததைச் சொல்வார்கள். பேசிப் பேசி இதைத்தான் சொல்லப் போகிறோம் என்று ஒரு முடிவுக்கு வந்த பிறகு யாராவது ஒருத்தி வரைந்து கொண்டுவருவாள். அதை எல்லோருமாக உட்கார்ந்து பார்ப்பார்கள். இந்த முகம் சரியில்லை, இந்த வரி புரியவில்லை, இங்கே கோபம் போதாது என்பார்கள். அவள் மாற்றி வரைவாள். மறுபடியும் பேச்சு. எல்லோருக்கும் திருப்தியான பிறகுதான் திரையில் ஏறும். அடித்து முடித்த சுவரொட்டியில் தனி ஆள் பெயர் இருக்காது, பட்டறையின் பெயர்தான்.

ஒரு சுவரொட்டி வீட்டு வேலையைப் பற்றியது. முதலாளித்துவம் வீட்டு வேலையையும் நம்பித்தான் ஓடுகிறது என்று சொல்லும். பெண் வீட்டில் ஆக்கிப் போட்டு, துவைத்துப் போட்டு, ஆளைத் தேற்றி அனுப்பினால்தான் அந்தப் பக்கம் ஆலை ஓடும் என்பதை ஒரே படத்தில் இயந்திரம் மாதிரி இணைத்து வரைந்திருந்தார்கள். இன்னொன்று, ‘என் மனைவி வேலைக்குப் போகவில்லை’ என்று சொல்கிற கணவர்களுக்கான பதில். காலையிலிருந்து ராத்திரி வரை அவள் செய்கிற வேலைகள் அதில் இருக்கும். இதைப் படிக்கும்போது எனக்குப் பீடி சுற்றும் பெண்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். ரேஷன் கார்டில் ‘இல்லத்தரசி’ என்று இருக்கும், மடியில் சுளகு இருக்கும், அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும்.

அந்தக் காலத்து லண்டன் நமக்கு அந்நியம் என்று நினைக்க வேண்டாம். 1976 முதல் 1978 வரை அதே ஊரில் கிரன்விக் என்ற ஃபிலிம் கழுவும் நிறுவனத்தின் வாசலில் சேலை கட்டிய நம் நாட்டுப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து நின்றார்கள். ஜெயாபென் தேசாய் என்ற குஜராத்திப் பெண் முன்னால் நின்றார். சீ ரெட் பெண்களும் இனவெறியை எதிர்த்துச் சுவரொட்டி அடித்தார்கள்.

எழுபதுகளின் பின்பாதியில் தென்லண்டனில் வால்வர்த் பக்கம் ஐலிஃப் யார்டு என்ற இடத்தில் ஒரு பாழடைந்த கட்டடம் கிடைத்தது. குழாய் வேலை, மின்வேலை எல்லாம் தாங்களே கற்றுக்கொண்டு அதைப் பட்டறையாக்கினார்கள். அந்த இடத்துக்குத்தான் தொல்லையும் வந்தது. நேஷனல் ஃபிரன்ட் என்ற இனவெறிக் கட்சிக்காரர்கள் ஒரு தடவை அல்ல, பல தடவை உள்ளே புகுந்து நாசம் செய்தார்கள். அடித்து வைத்ததைப் பாழாக்கினார்கள், மிஷின்மேல் இங்க்கைக் கொட்டினார்கள். பெண்கள் அதைத் துடைத்துவிட்டு மறுபடி அடித்தார்கள்.

காசு விஷயம். ஆரம்பத்தில் யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆளுக்கொரு பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டு மிச்ச நேரத்தில் பட்டறைக்கு வந்தார்கள். சுவரொட்டிகளைக் குறைந்த விலைக்குத் தபாலில் விற்றார்கள். மற்றப் பெண்கள் குழுக்களுக்கும் பகுதிச் சங்கங்களுக்கும் வேலை அடித்துக் கொடுத்தார்கள். எண்பதுகளில் உள்ளாட்சி நிதி கொஞ்சம் கிடைத்தது, அதன் பிறகுதான் ஓரளவு சம்பளம் என்று ஒன்று வந்தது. அப்போது லண்டன் மாநகர நிர்வாகமான கிரேட்டர் லண்டன் கவுன்சில் இப்படிப்பட்ட குழுக்களுக்கு நிதி கொடுத்துக்கொண்டிருந்தது. பிரதமர் தாட்சரின் அரசாங்கம் 1986-ல் அந்தக் கவுன்சிலையே கலைத்துவிட்டது. அப்புறம் நான்கு வருஷத்தில் பட்டறையும் மூடியது.

அவர்கள் வரைந்த படங்கள் அருமையானவை. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, வேலையைப் பிரிக்காமல் வைத்திருந்தார்களே, அதுதான். பேசியவளே வரைந்தாள், வரைந்தவளே ஸ்குவீஜி இழுத்தாள், இழுத்தவளே சுருட்டித் தபாலில் போட்டாள். அச்சகத்தில் நான் இத்தனை வருஷம் இருந்தும் என் வார்த்தை ஒன்றுகூட அச்சில் ஏறாமல் போனதற்குக் காரணம் இதற்கு நேர்மாறான ஏற்பாடு. உங்கள் சுவரொட்டியில் ரோஜாப்பூ வந்து உட்கார்ந்ததும் அதனால்தான். நீங்கள் எழுதினீர்கள், இன்னொருவர் செட்டிங் செய்தார், வேறொருவர் அடித்தார். நடுவில் உங்கள் பேச்சு கைமாறிப் போய்விட்டது.

அதனால் அந்த அறையில் வேலை தொடங்கினால், ‘நன்றாக வரைகிற பிள்ளை வரையட்டும், மற்றவர்கள் மடிக்கட்டும்’ என்று மட்டும் பிரித்துவிடாதீர்கள். முதல் மாதம் மெதுவாகத்தான் போகும். போகட்டும்.


டவுன் அண்ணாச்சி:

பாளை அம்மா எழுதியதைப் படித்தேன். நானும் இந்தத் தொழில்தான், டவுனில் அப்பா காலத்து அச்சகம். நம் பக்கம் அச்சுக்குப் புதிது இல்லை என்பதை முதலில் சொல்ல ஆசைப்படுகிறேன். தமிழ் எழுத்தில் முதல் அச்சுப் புத்தகம் 1578-ல் கொல்லத்தில் வந்தது. அதை ஆக்கிய அன்ரீக்கே அன்ரீக்கஸ் பாதிரியார் இருந்தது நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில். 1586-ல் புன்னைக்காயலிலேயே அச்சடித்தார்கள். தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தில் தமிழ் எழுத்தில் புத்தகம் அடித்திருக்கிறார்கள். பிற்பாடு பாளையங்கோட்டையில் மிஷன் அச்சகம். அந்தப் பக்கம் சிவகாசி. இவ்வளவு வரலாறு இருந்தும் பெண்கள் வைத்து நடத்திய அச்சகம் என்று என் வாயில் ஒரு பெயர் வரவில்லை. என் அச்சகத்திலும் பெண்கள் மடிப்பிலும் பைண்டிங்கிலும்தான் இருந்தார்கள். அது நியாயம் இல்லை.

ஆனால் இரண்டு விஷயத்தைக் கேட்டே ஆக வேண்டும். ஒன்று, எல்லோரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு என்றால் வேலை நேரத்துக்கு முடியுமா? கண்ணீர் அஞ்சலி அடிக்க வருகிறவன் காலையில் வந்து மத்தியானத்துக்குள் வேண்டும் என்பான். கோயில் கொடை நோட்டீஸ் என்றால் கால்நாட்டு அன்றைக்குக் கையில் இருக்க வேண்டும். இரண்டாவது, ஃபிளெக்ஸ் வந்த பிறகு கையால் அடிப்பதற்கு விலை கட்டுமா? லண்டன் பட்டறையும் நிதி நின்றதும் மூடித்தானே போனது? பிள்ளைகள் பணத்தைப் போட்டுவிட்டு வருத்தப்படக் கூடாது என்பதால் கேட்கிறேன்.


பாளை கம்பாஸிட்டர்:

அண்ணாச்சி, உங்கள் கேள்வி இரண்டும் தேவையானவை.

நீங்கள் சொன்ன கண்ணீர் அஞ்சலியும் கொடை நோட்டீஸும் உங்களிடமே இருக்கட்டும். அதற்குப் போட்டியாக இவர்கள் வர வேண்டியதே இல்லை. இவர்களுக்கு வேண்டிய வேலை இரண்டு வகை. ஒன்று சொந்தச் சுவரொட்டி. அதைத்தான் உட்கார்ந்து பேச வேண்டும், அதற்கு அவசரமும் இல்லை. இன்னொன்று வயிற்றுப்பாட்டுக்கான வேலை. அதில் பேச ஒன்றுமில்லை, சுத்தமாகவும் நேரத்துக்கும் அடித்தால் போதும். தாம்பூலப் பையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய மிஷின் இல்லாமல் ஒரு கலரில் ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு திண்ணையிலேயே அடிக்கலாம். பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு துணிப்பை கேட்டு வருகிறவர்கள் கூடித்தான் இருக்கிறார்கள். எனக்கு ஆவணியிலும் தை மாதத்திலும் சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றால் உட்கார நேரமிருக்காது.

மூடியதைப் பற்றி. பதினாறு வருஷம் ஒரு பட்டறை நடந்ததைத் தோல்வி என்று என்னால் சொல்ல முடியவில்லை. நம் கண் முன்னால் எத்தனை அச்சகம் ஐந்து வருஷத்தில் ஷட்டர் இறக்கியிருக்கிறது, உங்களுக்கே தெரியும். ஆனால் நிதியை நம்பி வாடகையையும் சம்பளத்தையும் ஏற்றிக்கொண்டால் நிதி போகும்போது எல்லாம் சேர்ந்து போகும், அதில் நீங்கள் சொல்வது சரி. இவர்களுக்கு அறை வாடகை இல்லை என்பது பெரிய பலம்.

லண்டனிலேயே இன்னொரு பட்டறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹாக்னி பகுதியில் லெந்தால் ரோடு வொர்க்‌ஷாப். 1975-ல் மூன்று பெண்கள் தொடங்கியது. சீ ரெட் தன் கருத்தைத் தானே அடித்த பட்டறை என்றால், இது ஊருக்குக் கற்றுக் கொடுத்த பட்டறை. அந்தப் பகுதிப் பெண்கள், இளைஞர் மன்றங்கள், போராட்டக் குழுக்கள் யார் வந்தாலும் ஸ்கிரீன் பிரிண்டிங்கும் ஃபோட்டோகிராஃபியும் கற்றுக் கொடுத்தார்கள். ‘அடித்துத் தருகிறோம்’ என்பதோடு நிற்காமல் ‘வந்து நீங்களே அடியுங்கள்’ என்றார்கள். எண்பதுகளில் கறுப்பினப் பெண்கள் அதில் முக்கியமானவர்களாக வந்தார்கள். இன்றைக்குப் பேர் பெற்ற புகைப்படக் கலைஞர் இங்க்ரிட் போலார்டு அங்கே வேலை செய்தவர். முக்கூடல் தங்கச்சிக்கு நான் சிபாரிசு செய்வது இந்த இரண்டாவது வழியைத்தான். பக்கத்து ஊரில் பஸ் வரவில்லை என்று நோட்டீஸ் போட நினைக்கிற பெண்கள் உங்கள் அறைக்கு வந்து தாங்களே அடித்துக்கொண்டு போகட்டும். இங்க், துணிச் செலவை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெண்களை மிஷின் பக்கம் விடாத கதை பழையது, அண்ணாச்சி. 1860-ல் எமிலி ஃபெய்த்ஃபுல் என்ற பெண் லண்டனில் விக்டோரியா பிரஸ் என்று ஓர் அச்சகம் வைத்து, பெண்களையே கம்பாஸிட்டர்களாகப் பழக்கினார். ஆண் கம்பாஸிட்டர்களுக்குப் பொறுக்கவில்லை. பெண்கள் உட்காரும் ஸ்டூலிலும் ஃபிரேமிலும் இங்க்கைத் தடவி வைத்தார்கள், பாவாடை பாழாகட்டும் என்று. கேஸில் எழுத்துகளைக் கலந்துவிட்டார்கள். சில அறைகளைக் காலி செய்துவைத்தார்கள். எழுத்துக் கோத்தவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை புரியும். க இருக்கிற அறையில் கை போனால் த வரும். ஒரு பக்கம் முடித்துப் புரூஃப் எடுத்தால் ஒரு வரி உருப்படியாக இருக்காது, நாள் கூலி போச்சு. இவ்வளவுக்கும் நடுவில் அந்தப் பெண்கள் நின்றார்கள். 1862-ல் மகாராணியின் அச்சாளர் என்ற பட்டமே எமிலிக்குக் கிடைத்தது. நூறு வருஷத்துக்கு மேல் கழித்து ஐலிஃப் யார்டிலும் அதே இங்க்கைத்தான் கொட்டினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.


தென்காசி டீச்சர்:

நம் நாட்டில் உண்டா என்று தங்கை கேட்டிருந்தாள். நான் பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுத்த அறிவொளி இயக்கத்தில் இருந்தவள். திருநெல்வேலி மாவட்டத்தில் தொண்ணூறுகளில் அரிக்கேன் வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த பெண்களோடு உட்கார்ந்திருக்கிறேன். கற்றுக்கொண்டவுடனே அவர்கள் எழுத நினைத்தது கையெழுத்து மட்டும் கிடையாது. தண்ணீர் வரவில்லை என்று மனு எழுதத்தான் முதலில் கேட்டார்கள்.

இந்தியாவில் பெண்கள் இயக்கம் சுவரொட்டியைப் பெரிய அளவில் கையில் எடுத்தது மதுரா வழக்கின்போது. மகாராஷ்டிரத்தில் 1972-ல் காவல் நிலையத்தில் வைத்து மதுரா என்ற பழங்குடிப் பெண்ணுக்கு நடந்த பாலியல் கொடுமை அது. 1978-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் காவலர்களை விடுவித்தது. 1980-ல் நாடு முழுக்கப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். வரதட்சணைச் சாவு, குடும்ப வன்முறை, கூலி என்று அதிலிருந்து கையால் அடித்த சுவரொட்டிகள் ஏராளம். டெல்லியில் ஜுபான் பதிப்பகத்தார் அவற்றைத் தேடித் திரட்டித் தொகுத்திருக்கிறார்கள்.

1984-ல் உர்வசி புட்டாலியாவும் ரிது மேனனும் தொடங்கிய காளி ஃபார் விமன்தான் இந்தியாவில் பெண்களுக்கென்று வந்த முதல் பெண்ணியப் பதிப்பகம். அவர்கள் எண்பதுகளின் கடைசியில் ஒரு புத்தகம் போட்டார்கள். ராஜஸ்தான் கிராமத்துப் பெண்கள் சுமார் 75 பேர் சேர்ந்து தங்கள் உடம்பைப் பற்றி எழுதி வரைந்தது. முதலில் உடம்பை உடுப்பில்லாமல் வரைந்து கிராமத்தில் காட்டியபோது அந்தப் பெண்கள் சிரித்துவிட்டு, எங்கள் ஊரில் யாரை இப்படிப் பார்க்க முடியும் என்று கேட்டார்கள். அப்புறம் அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். படத்தில் இருப்பவள் பாவாடை, முக்காடோடு இருப்பாள். பாவாடையைக் காகித மடிப்பாக ஒட்டி, அதைத் தூக்கினால் உள்ளே உடம்பின் விவரம் தெரிகிற மாதிரி செய்தார்கள். பதிப்பகம் அப்படியே அச்சிட்டது. எழுதிய அத்தனை பேரும் ஆசிரியர்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் சுவரொட்டியை முதலில் பீடிக் கடை வாசலில் நிற்கிற பெண்களிடம் காட்டுங்கள். அவர்கள் எந்த இடத்தில் முகம் சுளிக்கிறார்கள், எந்த இடத்தில் நின்று படிக்கிறார்கள் என்று பார்த்து மாற்றுங்கள்.


முக்கூடல்காரி:

அக்கா, டீச்சர், அண்ணாச்சி, மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. நேற்றே நாலைந்து பேருக்கு வாசித்துக் காட்டிவிட்டேன். கேஸில் எழுத்தைக் கலந்துவிட்ட இடத்தில் எங்கள் பெரியம்மா ஒருத்தி, “தூளில் மண்ணைக் கலந்து குடுத்துட்டு பீடி சரியில்லைன்னு சொல்லுத மாதிரில்லா இருக்கு” என்றாள்.

ஒரு பயம் மட்டும் இருக்கிறது. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் தின்னர், மண்ணெண்ணெய் எல்லாம் புழங்கும் என்கிறார்கள். எங்களில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே பீடித் தூளால் இருமல். கைப்பிள்ளைக்காரிகளும் வருவார்கள். அந்த வாடை இல்லாமல் செய்ய வழி உண்டா? என்னென்ன வாங்க வேண்டும்?


பாளை கம்பாஸிட்டர்:

உண்டு தங்கச்சி. பி.வி.சி. இங்க் எடுத்தால்தான் தின்னர் வேண்டும். அது பிளாஸ்டிக், ஸ்டிக்கர் வேலைக்கு. அந்தப் பக்கமே போக வேண்டாம். துணிக்குப் பிக்மென்ட் என்கிற நிறமும் அதை ஒட்டவைக்கிற பைண்டரும் கலந்து அடிக்கலாம், தண்ணீரில் கழுவிவிடலாம். காகிதத்துக்கும் தண்ணீர் இங்க் கிடைக்கிறது. ஒரு சங்கடம், நம் ஊர் வெயிலில் தண்ணீர் இங்க் துணிக் கண்ணிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதனால் காலையில் வெயில் ஏறுமுன் அடியுங்கள். டீ குடிக்கப் போனால்கூடச் சட்டத்தைக் கழுவிவிட்டுப் போங்கள். பேசிக்கொண்டே சட்டத்தை மறந்துவிடக் கூடாது.

எமல்ஷன், அதாவது வெளிச்சம் காட்டி எழுத்தைப் பதிய வைக்கத் திரையில் பூசும் பசை, அதன் விஷயத்தில் கவனம் வேண்டும். பழைய முறையில் டைகுரோமேட் என்று ஓர் ஆரஞ்சு நிறப் பொடியைக் கலப்பார்கள். அது தோலுக்கும் மூச்சுக்கும் கெடுதல். கலந்தே வருகிற எமல்ஷனை வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடத்தான். கைக்கு உறை கட்டாயம். பிள்ளைகள் அந்த அறைக்குள் வரக் கூடாது.

முதல் சுவரொட்டிக்கு எமல்ஷனே தேவையில்லை. கெட்டிக் காகிதத்தில் எழுத்தையும் படத்தையும் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு, அதைத் திரைக்கு அடியில் ஒட்டிவைத்து இழுத்தால் வெட்டிய இடத்தில் மட்டும் இங்க் இறங்கும். தமிழ் எழுத்தில் வட்டம் நிறைய. உள்வட்டம் தனியாக விழுந்துவிடாமல் இருக்க ஒரு சின்னப் பாலம் விட்டு வெட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரு தடவை காட்டினால் பிடித்துக்கொள்வார்கள். அது கைக்கு வந்த பிறகு எமல்ஷன் பூசி, டிரேசிங் பேப்பரில் கறுப்பு மையால் எழுதி, அதை வெயிலில் காட்டித் திரையில் பதிய வைக்கலாம். பெரிய லைட் மேஜை வேண்டாம், நம்மிடம்தான் வெயிலுக்குப் பஞ்சமில்லையே.

அடியில் உங்கள் குழுவின் பெயரையும் ஊரையும் போட மறக்காதீர்கள். தேர்தல் நேரத்தில் யாராவது வேலை கொண்டுவந்தால் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லாமல் அடிக்கவே கூடாது, அது சட்டம்.

உங்களிடம் கிடக்கிற ரோஜாப்பூக் கட்டைத் தூக்கிப் போட வேண்டாம். பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கும்? இலை எடை வரியை அதிலேயே பெரிதாக அடித்துப் பழகலாம்.

சட்டத்துக்கு உங்கள் ஊர் ஆசாரியிடமே சொல்லுங்கள். நன்றாகக் காய்ந்த மரமாக இருக்க வேண்டும், நான்கு மூலையும் கூடிச் சேர்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் சட்டம் முறுகினால் துணி தளர்ந்துவிடும், எழுத்து கலங்கும். பாலியஸ்டர் துணியும் ஸ்குவீஜியும் வாங்க அடுத்த வாரம் சிவகாசி போகிறேன், உங்களுக்கும் சேர்த்து வாங்கிவிடுகிறேன். சுவரொட்டியின் நீள அகலத்தை மட்டும் அதற்கு முன்னால் எழுதுங்கள். நாலு பக்கமும் ஒரு சாண் கூட்டித் துணி வெட்டச் சொல்ல வேண்டும்.